மாஸ்டர் பார்த்த நீலம்

சாயப் பட்டறையின் கலர் மாஸ்டருக்குத் தன் கண்ணைத் தவிர உலகத்தில் எதன் மேலும் மரியாதை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக, காலை பத்து மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, மாதிரித் துண்டையும் சாயம் ஏறிய துணியையும் சேர்த்துப் பிடித்து, "போகலாம்" என்பார். அது போகும். லேபுக்கு நிறம் பார்க்கும் மெஷின் வந்தபோது அதன் தலையில் டிபன் பாக்ஸை வைத்தார். பெரிய மனுஷத்தனம் அப்படி!

எட்டு மாசத்துக்கு முன் தூக்கம் போனது. டாக்டர் அரை மாத்திரை, பதினைந்தே நாள் என்று எழுதினார். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று இவரே அதை ஒன்றாக்கி, ஒன்றரையாக்கி, பழைய சீட்டை நீட்டி நீட்டி வாங்கி விழுங்கினார்.

போன மாசம் அனுப்பிய ஒரு நீலத் துணி லாட் பச்சையாக இருக்கிறதென்று திரும்பி வந்தது. வாங்கினவன் குருடன் என்று மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொன்று திரும்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொன்னார்.

அடுத்த லாட்டைப் பார்த்ததும் லேப் பொண்ணு தயங்கித் தயங்கி, இதுவும் பச்சை அடிக்கிறதே, மெஷினில் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். பத்துப் பேர் நடுவில், "உனக்கு இருக்கிறது கண்ணா புண்ணா?" என்றார். லாட் போன வேகத்தில் திரும்பி வந்தது.

முதலாளி கத்தவில்லை. நீலத்திலிருந்து பச்சை வரை பதினாறு துண்டுகளை மேஜையில் கொட்டி, வரிசையாக அடுக்கச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முனகியபடி மாஸ்டர் ஜம்பமாக அடுக்கினார். நீலங்களுக்கு நடுவே நாலு பச்சைத் துண்டுகள் உட்கார்ந்திருந்தன; ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்.

கண் டாக்டர் மாத்திரைக் கதையைக் கேட்டார். சிலருக்கு நிறம் பிரித்தறிவதை இது மந்தமாக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது, சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம் என்றார். அதுவரை ஜன்னலோரம் லேப் பொண்ணு நிற்பாள் என்று முதலாளி சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எகிறினார். இத்தனை பேர் கூடவே இருந்தும் ஒருத்தருக்காவது முன்னாடியே சொல்லத் தோன்றவில்லையா என்றார்.

"ரெண்டு மாசமா நீலம்னு சொல்லி நீங்க போட்டுட்டுப் போறது இந்தப் பச்சைச் சட்டையைத்தான்," என்றாள் அவள். "சொன்னா என்னையும் குருடின்னு சொல்வீங்க. அதான் சொல்லல."

மாஸ்டர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நல்ல நீலமாகத்தான் தெரிந்தது.