கிரிகரி தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

கிரிகரி தன் வாழ்க்கையை எழுதுகிறான் என்று பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் என் காதில் விழுந்த அன்று, மீன் வாங்காமலே வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது 1938. கால்பந்து விளையாடியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதி அனுப்பலாம் என்று ஒரு வாரப் பத்திரிகை அறிவித்திருந்தது. வந்த கதைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லாம் புளுகு. கம்பத்துக்கு வெளியே போன பந்தையெல்லாம் எழுத்தில் வலைக்குள் போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் கிரிகரி எழுதினால் சிரிப்பது வேறு யாராவதாக இருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் ரயில்வே குழுவின் கோல்கீப்பர். நான் இடது பக்கம் தடுத்தாடும் பேக். பந்து பிடிப்பான் என்பதற்காகவே கிள்ளானிலிருந்து அவனை அழைத்துவந்து, சிக்னல் விளக்குக்குத் திரி வெட்டி எண்ணெய் ஊற்றும் வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார்கள். கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, நான் பந்தை அவனிடம் தள்ளிவிட்டேன். மெதுவாகத்தான் தள்ளினேன். அவன் குனியவே இல்லை. பந்து அவன் இடது காலுக்குப் பக்கமாக உருண்டு உள்ளே போய்விட்டது. தோற்றோம்.

அவன் கையூட்டு வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பு என்னுடையது. கிரிகரி எதிர்க் குழுவிடம் காசு வாங்கிவிட்டான் என்று அன்று சாயங்காலமே ரயில்வே பட்டறையில் சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த வாரம் அவன் வீட்டு வாசலில் புது சைக்கிள் நின்றது. எனக்கு வேறு சாட்சி எதற்கு? தினமும் அதைத் தள்ளிக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போவான். ஒரு நாளும் ஏறி ஓட்டியதில்லை. பாவக் காசில் வாங்கியது, ஏற மனசாட்சி விடவில்லை என்று அதற்கும் நானே அர்த்தம் சொன்னேன். நிரூபிக்க முடியாததால் ரயில்வே துரை அவனைக் குழுவிலிருந்து மட்டும் நீக்கினார். வேலை தப்பியது. கிரிகரி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுக்காதது என் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது.

இப்போது எழுதுகிறான் என்றால் என்ன எழுதுவான்? மனம் பொறுக்காமல் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். போன வருஷமே வேலையை விட்டுவிட்டு ஒரு வாடகை அறைக்கு மாறியிருந்தான். மேசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது அவன் மகள் பெர்னடெட். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாளாம். தன் கையால் எழுதப் பயப்படுகிறவன் என்னவோ மறைக்கிறான் என்று நினைத்தேன்.

"யாரு, கன்னையாவா? குரல் மாறவே இல்லலா. வா, உக்காரு" என்றான் கிரிகரி. "நல்ல நேரத்துல வந்தே. கடைசி ஆட்டத்தப் பத்தி நேத்துதான் முடிச்சோம். சத்தமாப் படி, நானும் கேக்குறேன்."

படித்தேன்.

"அந்த வருஷம் என் இடது கண்ணில் பார்வை அறவே போய்விட்டது. வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். டாக்டர் என் கண்ணைச் சோதித்தால் வேலையும் வீடும் போகும். மனைவி டோரிசையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? இடது பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. நான் பார்க்கவில்லை. காசு வாங்கிவிட்டேன் என்று கன்னையா சொன்னதும் எல்லாரும் என் பையைத்தான் பார்த்தார்கள், கண்ணை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு அடங்கிவிடக் கூடாதே என்று சீனர் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கன்னையா வீட்டு வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறினால் விழுந்துவிடுவேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருஷம் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கன்னையாவுக்கு நன்றி."

படிப்பதை நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிரிகரியின் இரண்டு கண்ணும் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன மாமா, நிறுத்திட்டீங்க?" என்றாள் பெர்னடெட்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. "பந்த யாரு தள்ளுனாங்கன்னு எழுதலையே. ஏன்?" என்று கேட்டேன்.

"நீதான்னு எல்லாரும் சொன்னாங்க" என்றான் கிரிகரி. "ஆனா இது என் கதைலா. கண்ணால பாக்காதத நான் எப்படி எழுதுறது?"

பெர்னடெட் பேனாவைத் திறந்தாள்.

"எழுதிக்கோம்மா" என்றேன். "தள்ளுனது நான். காசு வாங்குனத யாரும் பாக்கல. பாக்காமலே வாங்குனான்னு சொன்னதும் நான்தான்."