மில்லில் நடந்த முகூர்த்தம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் 'இங்கே புகைபிடிக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழேதான் அம்மா விறகு அடுப்பு மூட்டுவார். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த எழுத்து மறுபடி எட்டிப் பார்க்கும். ஒரு காலத்தில் அது நூல் மில்லின் பஞ்சுக் கிடங்கு. மில் மூடிப் பல வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் காம்பவுண்டை ஏலத்தில் எடுத்தார். கிடங்குகளைத் தடுத்து வீடுகளாக்கினார், கூடங்களைத் தடுத்துச் சிறு பட்டறைகளாக்கினார், எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டார். எண்பதுகளின் பின்பாதியில், ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பிச் சலித்துப்போன அப்பா, அங்கே இருந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்க வந்தார். அப்படித்தான் நாங்கள் ஓசூர்க்காரர்கள் ஆனோம்.

அம்மாவுக்கு அந்த முகவரியைச் சொல்லவே கூச்சம். "மில்லுக்குள்ள குடியிருக்கறோம்னு யாருகிட்டயும் சொல்லாத. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம்னு சொன்னா போதும்" என்பார். எனக்கோ வந்த முதல் வாரமே அந்த இடத்தின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலை முடிந்த மாலைகளில் சும்மா சுற்றிக்கொண்டே இருப்பேன். ஒரு கதவைத் திறந்தால் லேத் பட்டறை, தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். அடுத்த கதவைத் திறந்தால் பெங்களூருக்குப் போகிற ரோஜாக்களைக் கட்டுக் கட்டாக வாளியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். மெஷின் எண்ணெயும் ரோஜாவும் கலந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. பஞ்சு மூட்டை நிறுத்த எடைமேடையில் ராயக்கோட்டைத் தக்காளிக் கூடைகள் ஏறின. கேட் ஓரத்தில் தொழிலாளர்கள் வருகை அட்டை செருகிய மரப் பலகை இருந்தது. அதன் அறைகள் இப்போது எங்கள் எல்லோருக்கும் தபால் பெட்டி. எதையும் தூக்கி எறியவில்லை அந்த ஜனம். இருந்ததைத் துடைத்து, அதற்கு ஒரு புது வேலை கொடுத்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

எல்லாவற்றிலும் எனக்கு உசத்தி பெரிய கூடத்தின் கூரை. ரம்பத்தின் பற்களை வரிசையாக நிறுத்தியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லின் வடக்குப் பக்கமும் கண்ணாடி. வெயில் உள்ளே வராது, வெளிச்சம் மட்டும் வரும். அந்தக் கூடத்தில்தான் நான் வேலை பார்த்த தையல் யூனிட் இருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் கண் வலிக்காது. என் பக்கத்து மெஷின் அக்கா தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டித் தமிழில் சிரிப்பார். ஏதாவது ஒன்று புரிந்தால் போதும், பேச்சு ஓடிவிடும்.

எங்கள் கூடத்தை ஒட்டி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார் ஒரு பாய். அவரும் ஊத்தங்கரைக்காரர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனிச் செல்வாக்கு. கேட் ஆபீஸ் மொட்டை மாடியில் கிடந்த மில் சைரனைக் கழற்றித் துரு நீக்கி, எண்ணெய் போட்டு, மோட்டாரைச் சரிசெய்து மறுபடி அங்கேயே மாட்டி வைத்திருந்தார் அவர். ஆனால் ஊதிப் பார்க்கக் காம்பவுண்டுக்காரர் விடவில்லை. "சுத்துப்பட்டு ஃபேக்டரி ஆளுங்க எல்லாம் ஷிப்டு விட்டாச்சுன்னு நெனச்சுக் கெளம்பிடுவாங்க பாய், எனக்கு வம்பு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். சேலத்துப் பக்கம். அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார். காப்பி குடித்ததும், "அந்தக் கூரையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நானே எழுந்து கூட்டிக்கொண்டு போனேன். மனிதர் என்னைப் பார்த்ததைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, "யாரு கட்டுனாங்களோ, கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். சரி, இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கல்யாணமும் இந்தக் கூரைக்குக் கீழேதான் என்றும் முடிவு செய்துவிட்டேன். அதை யாரிடமும் கேட்கவில்லை. என் சுபாவம் அப்படி.

வினை அங்கேதான் வந்தது. மாமியார் ஒரே வார்த்தையில் மறுத்தார். "மூடுன மில்லுல எம்மவன் தாலி கட்ட மாட்டான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்திருப்பேன். அதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் சேலத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லைத் திடீரென்று மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் தினமும் விடியலில் எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை போட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். சைரன் ஊதினால் கிளம்ப வேண்டும் என்று. சாகிற வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். "மூடுன மில்லு மனுசன உசுரோட தின்னுடும் கண்ணு. அங்க போயி நல்ல காரியம் பண்ணுவாங்களா?" என்றார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. "அத்தை, இங்க ஒரு நாள் வந்து இருந்து பாருங்க. இது மூடுன மில்லு இல்ல" என்றேன். மகனும் என் பக்கம் பேசினார். கடைசியில் மாமியார் அரை மனதாக இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு. "மேளம், நாயனம், எல்லாம் மொறையா இருக்கோணும். ஒன்னு கொறைஞ்சாலும் சகுனம் சரியில்லன்னு எம்பையன எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தக் கூடத்தை எங்கள் ஜனம் அலங்கரித்த அழகை இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைகிறது. தையல் மெஷின்களை ஓரமாக நகர்த்தி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். லேத் பட்டறைக்காரர்கள் மணவறைக்கு இரும்புக் குழாயில் பந்தல் நிறுத்தினார்கள். ரோஜாக்காரர்கள் அதன் மேல் ஒரு இடம் விடாமல் பூச்சுற்றினார்கள். வடக்குக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் இறங்கி எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. மண்டபங்களில் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். இந்த அழகுக்குக் கிட்டே வராது.

மாமியார் மணவறைப் பக்கம் வரவில்லை. தாலியிழந்தவர்கள் வரக்கூடாது என்று அவராகவே ஒரு தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

மேளக்காரர்கள் வரவில்லை. ராயக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறியவர்கள்தான். கெலமங்கலத்துக்கு அருகே பஸ் படுத்துவிட்டது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிப் பார்த்தார். முகூர்த்த நேரம் முடியப்போகிறது. தாலி ஏறும்போது கெட்டி மேளம் கொட்டாவிட்டால் யாராவது தும்முவது, அழுவது எல்லாம் காதில் விழும். மாமியார் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழத் தயாராக இருப்பதை நான் மணையிலிருந்தே பார்த்தேன். அப்பா அங்குமிங்கும் நடந்தார். அம்மா அழ ஆரம்பித்தார்.

வெல்டிங் பாய் அப்பாவின் தோளில் கை வைத்தார். "சத்தந்தானே வேணும்? வேற ஒரு சத்தமும் காதுல விழக்கூடாது, அவ்ளோதானே? ஐயர் கையக் காட்டட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட் ஆபீசை நோக்கி ஓடினார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையை உயர்த்தினார். வாசலில் நின்ற பாயின் மகள் துப்பட்டாவை வீசிச் சைகை காட்டினாள்.

சைரன் ஊதியது.

முதலில் கரகரவென்று முனகிவிட்டுப் பிறகு அது எழுந்த எழுச்சி இருக்கிறதே, கூரைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அந்த நொடியில், கையில் தாலியோடு, என் மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்! அவர் மட்டுமா? அவருடைய கம்பெனி நண்பர்கள் மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் கேட்டைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். என் தையல் யூனிட் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் தேடிக் காலடியில் குனிந்தார்கள். சைரன் கேட்டால் உடம்பு தானாகக் கிளம்பிவிடும் ஜனம் நாங்கள்.

மணையிலிருந்து மாப்பிள்ளை எழுந்தால் என்ன அர்த்தம்! எனக்கு வந்த கோபத்தில் அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். "உக்காருங்க! இன்னிக்கு உங்களுக்கு லீவு!"

கூடம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. சைரனையும் மீறிக் கேட்டது அது. அவர் அசடு வழிய உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கு நடுவே, மூன்று முடிச்சுப் போட்டார். அட்சதை மழையாக விழுந்தது. பக்கத்துக் காம்பவுண்டில் ஞாயிறு ஷிப்டில் இருந்தவர்கள் வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். காம்பவுண்டுக்காரர் பயந்தபடியே ஆயிற்று.

நான் மாமியாரைத் தேடினேன். மகன் மணையிலிருந்து எழுந்ததைப் பார்த்திருப்பார், இனி ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார் என்று பயந்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அவரும் எழுந்து நின்றிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். முகம் கேட்டைப் பார்த்திருந்தது.

சைரன் தாழ்ந்து தாழ்ந்து நின்றது. மணவறையை விட்டு இறங்கி, தூணோரம் போய் அவர் காலில் விழுந்தேன். பக்கத்தில் மகனும் விழுந்தார். எங்கள் தலைமேல் வைத்த கையை அவர் நெடுநேரம் எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணீர் கழுத்துவரை வழிந்திருந்தது.

"மூடுன மில்லுன்னு சொன்னேனே கண்ணு" என்றார். பிறகு, மகனுக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் கேட்டார்: "உங்க மாமாவுக்கு இது கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும் அத்தை" என்றேன். "இந்நேரம் வாசப்படிய விட்டு எழுந்திருச்சிருப்பாரு."