கரண்ட் இல்லாதபோது வெளுத்த கொக்கு

போன வியாழக்கிழமை, யாங்கூனின் பபேடான் பகுதியில் ஓர் அச்சகத்து மேஜை மேல் என் மானம் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

காலண்டர் ப்ரூஃப், அதாவது மொத்தமாக அச்சடிக்குமுன் எடுத்துப் பார்க்கும் மாதிரித் தாள். யூசுப் பாய் தன் மசாலாக் கடை வாடிக்கையாளர்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பது. எந்த ஊரென்றே தெரியாத ஒரு நீர்வீழ்ச்சியையே போட்டுக்கொண்டிருந்தவர், இந்த முறை நான் இன்யா ஏரியில் எடுத்த வெண்கொக்கைக் கேட்டார். "வருஷம் பூரா நம்ம தெருவுல எல்லா வீட்டுச் சுவத்துலயும் உங்க கொக்குதான், சயா" என்றார். சயா என்றால் வாத்தியார். இங்கே மரியாதைக்கு யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

கேமரா வாங்கி ஆறு வருஷம். என் படம் ஒன்றுகூட என் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ப்ரூஃபை யூசுப் பாய் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார்.

"தாமரை இலையெல்லாம் நல்லா வந்திருக்கு, சயா..." என்று இழுத்தார். "நடுவுல அந்த பிளாஸ்டிக் பை எப்புடி வந்துச்சு?"

அது பை இல்லை. கொக்கு.

மழைக்காலத்தில் அதன் முதுகில் நூல் நூலாக இறகு தொங்கும். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கொசுக்கடி வாங்கியிருந்தேன். ப்ரூஃபில் ஒரு நூலைக்கூடக் காணோம். ஒரே வெள்ளை.

"மெஷின்ல மை சரியில்ல" என்று எகிறினேன். அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கும் மா கின் என்ற பர்மியப் பெண் அசரவில்லை. என் ஃபைலைத் தன் பெரிய மானிட்டரில் திறந்து காட்டினார். அங்கேயும் பைதான். பிறகு பர்மிய மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீ இருக்கும்போது எடிட் செய்தீர்களா, இல்லாதபோதா?"

மீ என்றால் கரண்ட். அது வரும் நேரம் பார்த்துத்தான் யாங்கூனில் குளியல், சமையல் எல்லாம். நான் எடிட் செய்தது இல்லாதபோது. பேட்டரியில் ஓடினால் என் கிழட்டு லேப்டாப் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நானோ படம்தான் இருட்டு என்று நினைத்து எக்ஸ்போஷரை ஏற்றினேன். போதாதென்று, வெளிச்சமான இடங்களை இன்னும் வெளுப்பாக்கும் ஹைலைட்டையும் ஏற்றினேன்.

"கரண்ட் போகிற பக்கமிருந்து வரும் படங்கள் இப்படித்தான் வெளுத்திருக்கும்" என்றார் மா கின். "நீங்கள் தின்கன்ஜூன்தானே?"

கொக்கைப் பார்த்தே என் விலாசத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியத்துக்குள் சரியான ஃபைல் வராவிட்டால் பழைய நீர்வீழ்ச்சி என்று முடிவாயிற்று.

இதில் இன்னொரு வெட்கம் உண்டு. எடிட் செய்த அன்றே படத்தைப் போனில் பார்த்த என் மனைவி ராணி, "கொக்கு ரொம்ப வெளுத்துப் போச்சுங்க" என்றாள். "ரா ஃபைலப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்ட மேதாவி — வேறு யார், நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை. லேப்டாப்பில் சொட்டு சார்ஜ் இல்லை. பத்து மணி... பத்தரை... தெருவே கத்தியது: "மீ லாபி." கரண்ட் வந்துவிட்டது.

வழக்கமாக ராணி தண்ணீர் மோட்டாருக்கு ஓடுவாள், நான் ரைஸ் குக்கருக்கு. மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். லேப்டாப் சார்ஜ் ஏறாது. அன்று ராணி ஸ்விட்சில் விரலை வைத்தவள், என் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்தாள்.

"மொதல்ல உங்க கொக்கப் பாருங்க. நாம அப்புறம் குளிச்சுக்கலாம்."

ரா ஃபைலுக்கு ஒரு பெரிய மனசு உண்டு. மேலே நாம் என்ன கூத்து அடித்தாலும், கேமரா கண்டது உள்ளே அப்படியே இருக்கும். ரீசெட்டை அழுத்தினேன். நூல் நூலாக அத்தனை இறகும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

மதியத்துக்குக் கால் மணி முன்னால் ஃபைல் மா கின் கையில். புது ப்ரூஃபைப் பார்த்த யூசுப் பாய் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "இது கொக்கு, சயா" என்றார். அதைவிடப் பெரிய விருது எனக்கு வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால், மனிதர்களிடமும் இதே தப்பைத்தான் செய்கிறோம், இல்லையா? நம் பேட்டரி இறங்கியிருக்கும். எதிரில் இருப்பவர் இருட்டாகத் தெரிவார். உடனே அவரைத் திருத்தக் கிளம்பிவிடுவோம்.

ராணியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன் — தொட்டி பாதி நிறைவதற்குள் கரண்ட் போய்விட்டதால், இரண்டு தடவை.