ஆறு நாள் முழுகிக் கிடந்த படகு

எனக்குச் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது. இதைச் சொன்னதும் கடலூரில் பாதிப் பேர் "மீன் புடிக்கப் போறீங்களா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "டூரிஸ்ட்டு ஓட்டறீங்களா?" என்கிறார்கள். இரண்டும் இல்லை. சும்மா வைத்திருக்கிறேன், சும்மா போய்விட்டு வருகிறேன். கார் வாங்கியவனை யாரும் இப்படிக் குடைந்து கேட்பதில்லை.

நீளமான, ஒடுங்கிய மரப் படகு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். நடுவில் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி சின்ன டீசல் எஞ்சின். கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் கட்டியிருக்கிறேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில். காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் பத்து மணிக்குள் படகில் இருப்பேன். எஞ்சினைத் தட்டிவிட்டு வாய்க்கால் வழியாக வெள்ளாற்றுப் பக்கம் போய், நிழலில் நிறுத்தி, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவேன். அதில் இருக்கிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

ரிட்டையர் ஆகும்வரை பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் பேரிங்கும் கிரீஸும்தான் வாழ்க்கை. எந்த மிஷினாக இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தால் அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இது பீற்றல் இல்லை, என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். சரி, கொஞ்சம் பீற்றலும்தான்.

என் மனைவி மட்டும் படகு வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அதில் கால் வைக்காமலே இருந்தாள். அவள் சிதம்பரத்துக்காரி, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் குளம்தான், அதுவும் படிக்கட்டு இருக்க வேண்டும். ஆனால் அவள் பயம் அது மட்டும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறியபோது, "நம்ம தெருவுக்குள்ள வராதும்மா, பயப்படாத" என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனவன் நான். விடிந்து பார்த்தால் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. அவள் கல்யாணப் புடவைகள் எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வருஷம் பங்குனியில், சிதம்பரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேச்சு படகுக்கு வந்தது. மச்சானுக்கு என்னைச் சீண்டுவதில் தனி ருசி.

"பொண்டாட்டியே ஏறாத போட்டு எதுக்கு மாப்ள? வித்துட்டு ஒரு நல்ல ஃப்ரிட்ஜா வாங்குங்க."

ஃப்ரிட்ஜ் என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறச் சொல்லுங்க மச்சான், அப்பறம் பேசுங்க" என்றேன்.

மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "ஆனித் திருமஞ்சனத்துக்கு எப்படியும் இங்க வரத்தான் போறோம். அதுக்கு மறுநாள் ஏறிப் பாக்கறேன். எனக்குச் சரிப்படலன்னா போட்ட வித்துடணும். அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? ஆனால் உள்ளுக்குள் சந்தேகமே இல்லை, ஜெயிக்கப் போவது நான்தான். மூன்று மாதம் கையில் இருந்தது. அதற்குள் படகைப் புதுசாக்கிக் காட்டிவிடலாம்.

ஆலையில் கரும்பு அரவை முடிந்ததும் ஆஃப் சீசன் வரும். அத்தனை மிஷினையும் பிரித்து, சுரண்டி, துடைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, பெயின்ட் அடித்துத்தான் மறுபடி பூட்டுவோம். ஈரம்தான் எங்களுக்கு எதிரி. துருவைச் சுரண்டுவதில் பாதி வேலையும் துரு வராமல் பார்ப்பதில் மீதி வேலையும் போகும். அதே கணக்கில் படகுக்கும் ஓர் ஆஃப் சீசன் கொடுத்தேன். ஆள் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டு, எஞ்சினைக் கழற்றி, கூரையைப் பிரித்து, கவிழ்த்துவைத்தேன். அடியில் ஒட்டியிருந்த சிப்பியை எல்லாம் உளியால் சுரண்டி எடுத்தேன். பிறகு வெயிலில் விட்டேன். சித்திரை போய் வைகாசி வந்தது, அக்னி நட்சத்திரம் முழுசும் படகின் முதுகில் விழுந்தது.

வாரத்துக்கு இரண்டு தரம் போய்த் தடவிப் பார்ப்பேன். மரம் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு ஈரத்தை வெளியேற்றியிருக்கிறோமே என்று. அதன் மேலேயே நீலப் பெயின்ட் இரண்டு கை பூசினேன். இடுக்கெல்லாம் மறைந்து பளபளவென்று நின்றது. பக்கத்தில் நண்டு எடுத்து வியாபாரம் செய்கிற ஒரு பெண் வலை உலர்த்த வருவாள், நாற்பது வயது இருக்கும். அந்த மூன்று மாதமும் அவள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

திருமஞ்சனத்துக்கு மறுநாள் காலை. மனைவியும் மச்சானும் கரையில் நிற்கிறார்கள். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அவள் முகத்தில் பயமும் இருந்தது, வந்துவிட்டோமே என்ற பிடிவாதமும் இருந்தது. நாலு பேர் சேர்ந்து படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கினோம். எஞ்சின் இன்னும் கரையில். "மொதல்ல மெஷின மாட்டிடறேன், அப்பறம் ஏறு" என்றேன்.

மாட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. முதலில் உள்ளே வியர்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வோர் இடுக்கிலும் கோடு கோடாக வழிந்தது. துணியைத் திணித்தேன், இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் பீய்ச்சியது. கால் மணி நேரத்தில் படகுக்குள் கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டது. இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, மச்சான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கு அவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

அம்மா வீட்டிலிருந்து திரும்பியிருந்த நண்டுக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வெயில்ல போட்டு வச்சிருந்தீங்களா மாமா?"

"ரெண்டு மாசம்" என்றேன், அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான்.

"அய்யோ! மரம் சுருங்கிப் பூட்டுது. இப்ப எதப் போட்டு அடைச்சாலும் நிக்காது. பேசாம முழுகடிச்சிடுங்க."

"இன்னாது?"

"முழுகடிச்சி வைங்க. மண்ணு மூட்டைய உள்ள போட்டு, தண்ணிக்குள்ளயே கெடக்கட்டும். ஊறி ஊதுச்சின்னா பலகை தானா கவ்விக்கும்."

என் படகை நானே முழுகடிப்பதா? "நீ போய் உன் வேலையப் பாரும்மா" என்று கத்திவிட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். தண்ணீருக்குள் நின்றபடியே யோசித்தேன். ஆலையில் சுத்தியல் தலை ஆடினால் என்ன செய்வோம்? ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் தலைகீழாகப் போட்டுவைப்போம். காலையில் காம்பு ஊதி, தலையை இறுகப் பிடித்திருக்கும். அந்த வேலையை ஆயிரம் தடவை செய்தவன் நான். இரும்பைப் பார்த்துப் பார்த்து மரத்தை மறந்திருக்கிறேன். அவமானம் உச்சந்தலை வரை ஏறியது.

கரைக்கு வந்து மனைவி முன்னால் நின்றேன்.

"தப்பு என்னுதுதான். காய வச்சிருக்கக் கூடாது. எனக்குத் தெரியல."

அவள் என்னையே பார்த்தாள். "அந்தப் பொண்ணு சொல்றாப்பல செஞ்சா எத்தினி நாள்ல சரியாவும்?"

"தெரியாது."

"வித்துடலாம்ல மாப்ள?" என்றார் மச்சான்.

"இருண்ணா" என்றாள் அவள். "நான் இன்னும் ஏறவே இல்லியே."

நண்டுக்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே எட்டு மண்மூட்டை ஏற்பாடு செய்து கொடுத்தாள். என் நீலப் படகு ஓரத்தில் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி அடங்கி உட்கார்ந்தது. நல்ல படகை ஒருவன் இப்படிக் கிடத்தி வைக்கிறானே என்று போகிற வருகிறவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே எல்லோருக்கும் அது தெரிந்த விஷயமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பாமல் மச்சான் வீட்டிலேயே தங்கினோம். தினமும் காலையில் கிளம்பும்போது அவளும் கிளம்பினாள். "நீ எதுக்கு, வெயிலு" என்றால் குடையைக் கையில் எடுத்துக்கொள்வாள். கரையில் நண்டுக்காரியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், பலகை இடுக்கில் பஞ்சு எப்படித் திணிப்பார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். என்னிடம் இரண்டு வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

மூன்றாம் நாள் இறைத்துப் பார்த்தோம், மெதுவாகத் திரும்ப ஊறியது. மறுபடி முழுகடித்தோம். ஆறாம் நாள் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டேன். விளிம்பு மேலே வந்தது. நான் ஒரு பக்கெட்டால் வெளியே நின்று இறைக்க ஆரம்பித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, நிமிர்ந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றேன்.

சளக், சளக் என்று சத்தம் கேட்டுத் திரும்பினால் அவள் படகுக்குள் இருக்கிறாள். நண்டுக்காரியின் அலுமினியச் சட்டியை வாங்கிக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, நடுப்பலகையில் உட்கார்ந்து, கால் முழுகுகிற தண்ணீரை வாரி வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். எப்போது ஏறினாள், யார் கை பிடித்தது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் இறங்கிவிடுவாளோ என்று பயந்து நான் மூச்சுவிடாமல் பக்கெட்டை எடுத்தேன்.

அடிப்பலகை தெரிந்தது. துணியால் துடைத்துவிட்டு இருவரும் உற்றுப் பார்த்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கண்ணீர் மாதிரி துளிர்த்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுக்குக் கொஞ்சம் பஞ்சு போதும்" என்றாள்.

எஞ்சினை மாட்டினேன். அவள் இறங்கவில்லை. வாய்க்காலில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்குப் பேசும் தைரியம் வந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு நெருங்கி நின்றது, எஞ்சின் அருமையாக ஓடியது, பழைய கெத்து கொஞ்சம் திரும்பியிருந்தது.

"பாத்தியா, கடைசில என்ன நம்பி ஏறிட்ட."

அவள் சட்டியை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. கோபமில்லாமல், கணக்கைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். "உங்கள நம்பி ஏறல. தண்ணி வந்தா எப்படி இறைக்கறதுன்னு தெரிஞ்சிகிட்டேன், அதான் ஏறனேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எத்தனை தடவை "பயப்படாத" என்று சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அவள் கையில் ஒரு சட்டியைக் கொடுத்ததில்லை.

வாய்க்கால் பிரிகிற இடம் வந்தது. எந்தப் பக்கம் போகலாம் என்று அவளைக் கேட்டேன்.