வாசலில் விட்ட செருப்பு

வேலைக்கு வந்த வெளிநாட்டிலை, ஒரு ஆவணி விடுமுறைக்கு மகளோடை பகேரியா எண்ட ஊருக்கு மாதா ஊர்வலம் பார்க்கப் போனன். நாங்கள் சைவம். எண்டாலும் சாமி வரேக்கை செருப்போடை நிக்க மனம் வருமோ? கழட்டி ஒரு வாசலிலை விட்டிட்டுக் கூட்டத்துக்குப் பின்னாலை நிண்டன். அவையின்ரை நாட்டுக்கு வீடு துடைக்க வந்தவளுக்கு முன்னுக்கு இடம் தருவினமோ? இடம் கேட்டு நிக்கிறவளும் நானில்லை.

என்ரை வெறுங்காலைக் கண்ட ஒரு மனிசி, நேர்த்தி வைச்சு வந்தவள் எண்டு நினைச்சிட்டா. கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், மாதாவுக்குப் பின்னாலை வெறுங்காலோடை நடந்த பெண்டுகளுக்கு நடுவிலை விட்டிட்டு, தானும் பக்கத்திலை நடந்தா.

"அம்மா, எங்கை போறியள்?" மகள் கத்தினாள்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை, கூட்டிக்கொண்டு போகினம்!"

பின்னேரத்திலும் தெருக்கல்லுச் சுட்டது. மனிசி கையை விடேல்லை, நானும் விடேல்லை.

திரும்பி வரேக்கை, என்ரை செருப்பை ஆரோ நிழலிலை எடுத்து வைச்சிருந்தினம். அதைப் போட எனக்கு அவசரம் வரேல்லை.