அப்பா எங்கே என்று கேட்டால்

என் மகள் குப்புறக் கவிழ்ந்ததையும் தவழ்ந்ததையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவேன். அவள் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியபோது ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். செமிலிங் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்தில் வெட்டும் நின்றுபோனது. பிள்ளையைப் பார்க்க அப்போதுதான் நேரம் கிடைத்தது. ஊட்டத்தான் எதுவும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் கிடைத்தால்.

அந்த அரை வயிற்றோடும் அவள் வளர்ந்தாள். பல் முளைத்தது, நடந்தாள், கேட்டதை விரலால் காட்டப் பழகினாள். பழக்கியவர் என் கணவர். சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "காக்கா எங்க? மூக்கு எங்க?" என்று கேட்பார். கடைசியில், "அப்பா எங்க?" என்பார். அவள் "ப்பா" என்று சொல்லி அவர் நெஞ்சில் விரலால் குத்துவாள். மனிதருக்குத் தலைகால் புரியாது. "போதுங்க, ஊர்ல யாரும் புள்ள பெத்துக்காத மாதிரி" என்று நான் கிண்டல் செய்வேன்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். குருண் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. என் கணவர் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டில் ஒளிந்துகொண்டார். அலோர் ஸ்டாருக்கு வேலை தேடிப் போனார் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா விளையாட்டாக, "அப்பா எங்கடி?" என்று என் மகளைக் கேட்டாள். அவர் போனதைப் பார்த்திருந்த பிள்ளை, பின்கதவைத் தாண்டிக் காட்டைக் காட்டியது. நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அக்கா பார்க்காதது போல எழுந்து போனாள். அவள் நல்லவள். கேட்கிற எல்லாரும் அப்படி இருப்பார்களா?

அன்றே பாடத்தை மாற்றினேன். அவித்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா எங்க?" என்று கேட்பேன். அவள் விரலைப் பிடித்துச் சாலைப் பக்கம் நீட்டி, "போச்சு" என்று சொல்லிக் கொடுப்பேன். அப்படியே செய்தால் ஒரு துண்டு. காட்டைக் காட்டினால் இல்லை, அழுதாலும் இல்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் சீக்கிரம் ஏறும். மனம் கொதித்தது, யார் மேல் கொதிப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் தூங்கிய பிறகுதான் வரவேண்டும் என்று கணவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் வந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிதான் ஜப்பான்காரர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர். ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒம் புருசன் எங்கலா?"

"அலோர் ஸ்டாருக்குப் போனவருதாங்க ஐயா. ஒரு சேதியும் இல்ல."

அவர் நம்பவில்லை. குனிந்து, சிரித்த முகத்தோடு, "பாப்பா, அப்பா எங்க?" என்றார்.

அவள் சாலையைக் காட்டினாள். "போச்சு" என்றாள். உடனே என்னிடம் கையை நீட்டினாள். கிராணி போன பிறகு கிழங்கைக் கொடுத்தேன். அவள் சிந்தாமல் தின்று முடித்தாள்.

ஆள் பிடிப்பது ஓய்ந்தபோது என் கணவர் பகலிலேயே வீட்டுக்கு வந்தார், காட்டுக் காய்ச்சலோடு. அதற்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. பாயை விட்டு அவரால் எழ முடியவில்லை. பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. மகள் என் சேலைக்குப் பின்னால் நின்று யாரோ போல அவரைப் பார்த்தாள். அவள் ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்றார். நானும் அவள் விரலைப் பிடித்து அவர் நெஞ்சில் வைத்து, "அப்பா, அப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவரே கேட்டார்.

"பாப்பா, அப்பா எங்க?"

அவள் வாசல் பக்கம் திரும்பிச் சாலையைக் காட்டினாள். "போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவரிடம் கையை நீட்டினாள்.

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "புள்ள சரியாத்தான சொல்லுது" என்று, தட்டில் அவர் தொடாமல் வைத்திருந்த கிழங்கில் ஒரு துண்டைக் கிள்ளி அவள் கையில் வைத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டுக்காக மறுபடியும் சாலையைக் காட்டினாள்.