நாலாவது லைனர்

இது நடந்தது இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி. அப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். இன்ஜின் வேலையில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று ஒரு நினைப்பு. வாயும் கொஞ்சம் நீளம்.

ரைஸ் மில் முதலாளி ஒருவர் வாலாஜாபாத்திலிருந்து பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை வாங்கி வந்தார். ஸ்டார்ட் செய்தால் ஒரே புகை. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் விட்டார். அதை ஓட்டப் போகிறவர் பெருநகர் என்கிற ஊர்ப் பக்கத்துக் காலனிக்காரர். அதுவரை அதே மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், லைசென்ஸ் எடுத்து, கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கியிருந்தார். வேலை முடியும்வரை என்கூடவே இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்க்குத்தான் லைனர் என்று பேர். அது தேய்ந்திருந்தால் மேல் விளிம்போரம் சின்ன வரப்பு மாதிரி நிற்கும். விரல் நகத்தில் தட்டும். அதைக் கவனிக்காமல் பிஸ்டனைச் சுற்றிப் புது ரிங் போட்டால், ரிங் அதில் இடித்து உடைந்துவிடும். அந்த இன்ஜினில் லைனர் நான்கு. நகம் வைத்து மூன்றைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நாலாவதைப் பார்ப்பதற்குள் யாரோ வந்து பேச்சுக் கொடுத்தார்கள். இது மட்டும் என்ன கெட்டா போயிருக்கும் என்று பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நாளில் முதலாளி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நடுவழியில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு கார் நின்றுவிட்டது. பட்டுப்புடவையும் நகையுமாகப் பெண்கள் வெயிலில் நின்றார்களாம். முகூர்த்தம் தப்பிவிட்டது. காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே வந்த முதலாளி, டிரைவர் ஆயில் ஊற்றாமல் ஓட்டிவிட்டார் என்று தெருவே கேட்கத் திட்டினார். டிரைவர் குனிந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

திறந்து பார்த்தேன். ஆயில் நிறைய இருந்தது. நாலாவது பிஸ்டனின் ரிங் துண்டு துண்டாக உடைந்து லைனரைக் கீறியிருந்தது. விளிம்பில் நகத்தை வைத்தேன், தட்டியது. முன்பு வைத்திருந்தவர் மூன்று லைனரை மட்டும் மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டிருக்கிறார்.

தப்பு என்னுடையது, ஆயில் குறையவில்லை என்று முதலாளியிடம் அங்கேயே சொன்னேன். அவர் சிரித்தார்.

"இன்ஜின் புடிச்சிக்கினதுக்கு அப்புறம் ஊத்தியிருப்பான்பா. அவனுங்கள பத்தி எனக்குத் தெரியாதா? பாவம் பாத்து உன் தலைல போட்டுக்காத."

லைனரைக் காட்டினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள், மேஸ்திரிக்கு என்ன மனசு பார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த டிரைவர் எங்கிருந்து வந்தவர் என்பதே அவர்களுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன். இன்னும் நல்லவனாகிவிட்டேன். மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் புகழ்ச்சி எனக்குள் எங்கேயோ இனித்தது என்பதுதான் நிஜம்.

அன்றைக்கே டிரைவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். மூட்டை தூக்கவும் திரும்பச் சேர்க்கவில்லை. மில் லாரிகளோ, அதன்பின் என்னிடமே வேலைக்கு வந்தன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவரைத் தேடிக் காலனிக்குப் போனேன். கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மன்னிச்சுக்கோ, நான் இன்னொரு தரம் முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வுடுண்ணா. தப்பு பண்ண நீயே சொல்லிக்கினு கீற, அதையே நம்பல. நான் இன்னா சொல்லி இன்னா ஆவப் போது?"

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதன்பிறகும் நான் முதலாளியிடம் பேசவில்லை.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டு வெட்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நானோ உண்மையைச் சொன்னதற்கு நல்ல பேரையும் வாங்கிக்கொண்டு, இன்னொருவர் பிழைப்பு போவதைப் பார்த்தும் அத்தோடு நிறுத்திக்கொண்டவன் என்று இன்றுவரை வெட்கப்படுகிறேன்.